தந்தையின் ஆயுளை எண்ணும் வாரிசுகள்

பசித்தவன் ஒருவன் திருடிவிட்டான் என்றால் உலகம் அவனைக் கண்டிக்கிறது. ஆயினும் அவனைத் தூண்டியது எதுவென்று அதற்கு விளங்குகிறது. ஆனால் கேட்டதெல்லாம் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கப்பெற்று, செல்வச் செழிப்பிலே வளர்ந்த பிள்ளை, தன்னைப் பெற்றெடுத்தவர்களின் உயிரையே பறித்தான் என்னும் செய்தி வரும்போது, படிப்பவர் எவராயினும் சற்று நேரம் பேச்சற்றுப் போகின்றனர். பிறகு எல்லா வீடுகளிலும் எழுவது ஒரே கேள்விதான்: "இவனுக்கு என்ன குறை?"

கேள்வியைக் கேட்டுவிட்டு நாம் அப்படியே விட்டுவிடுகிறோம். விட்டுவிடலாகாது. செயல்கள் யாவும் எண்ணங்களைக் கொண்டே மதிக்கப்படுகின்றன என்பது நம் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்த அடிப்படை. நற்செயலுக்கு மட்டுமன்று, தீச்செயலுக்கும் வேர் எண்ணத்திலேதான் இருக்கிறது. வேரை அறியாமல் கிளையை வெட்டிப் பயனில்லை. அதிலும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் எனத் தந்தையும் மைந்தரும் ஒரே தொழிலில், ஒரே கூரையின் கீழ்ப் பொருளீட்டி வாழும் ஊர்களில் இக்கேள்விக்கு விடை காண்பது மிக அவசியமாகும்.

மாளிகையில் நிகழ்ந்த கொலை

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரையொட்டிய பெவர்லி ஹில்ஸ், பெருஞ்செல்வர்கள் வாழும் பகுதியாகும். 1989ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் இரவு, அங்கே தம் மாளிகையில் இருந்த ஹொசே மெனெண்டஸ், அவருடைய மனைவி கிட்டி ஆகிய இருவரும் துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஹொசே, கியூபாவிலிருந்து இளவயதில் அமெரிக்கா வந்து, தம் உழைப்பால் உயர்ந்து, பெரிய நிறுவனமொன்றின் தலைமைப் பதவியை எட்டியவர். அவர்களைக் கொன்றவர்கள் 21 வயதான லைல், 18 வயதான எரிக் என்னும் அவர்களுடைய பிள்ளைகளே என்பது பின்னர் வெளிப்பட்டது.

பெற்றோரை அடக்கம் செய்த பின்வந்த மாதங்களில் அவ்விருவரும் விலையுயர்ந்த கைக்கடிகாரம், கார் என்று பணத்தை வாரி இறைத்தனர். ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் டாலராக மதிப்பிடப்பட்ட சொத்தின் மீது கொண்ட ஆசையே கொலைக்குக் காரணம் என்றது அரசுத் தரப்பு. தந்தை தமக்கு நெடுங்காலம் இழைத்துவந்த கொடுமையும், அதனால் விளைந்த அச்சமுமே காரணம் என்றனர் பிள்ளைகள். முதல் விசாரணையில் நடுவர்கள் ஒருமனப்படவில்லை. மறு விசாரணையில், 1996ஆம் ஆண்டு, இருவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, விடுதலைக்கு வழியற்ற ஆயுள் தண்டனை பெற்றனர். 2025ஆம் ஆண்டு மே மாதம் அத்தண்டனை குறைக்கப்பட்டு, பரோல் கோரும் தகுதி அவர்களுக்கு வழங்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பரோல் மறுக்கப்பட்டது.

இரண்டில் எது உண்மையான நோக்கம் என்று அவர்களுடைய நெஞ்சைப் பிளந்து பார்க்க நம்மால் இயலாது. அதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஆயினும் ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லவேண்டும். தந்தை இழைத்தாலும் அநீதி அநீதியே. பெற்றோருக்கு எதிராக அமைந்தாலும் நீதிக்கே சாட்சியாக நில்லுங்கள் என்பதே திருமறையின் கட்டளை (4:135). எனவே கொடுமைக்குள்ளான பிள்ளை வீட்டை விட்டு விலகலாம், உறவினரிடம் முறையிடலாம், நீதிமன்றத்தின் வாயிலைத் தட்டலாம். இவற்றையெல்லாம் இஸ்லாம் தடுக்கவில்லை. ஆயுதத்தை எடுப்பதையே தடுக்கிறது.

நமக்கு அண்மையில்

இது மேல்நாட்டு நாகரிகத்தின் சீரழிவு, நமக்கென்ன என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஆலை அதிபர் ஒருவரை அவருடைய மகனே சரமாரியாகத் தாக்கும் காட்சி, கைப்பேசிகள் வழியே தமிழகமெங்கும் பரவியது. சொத்துத் தகராறே காரணம் என்று செய்திகள் கூறின. தாக்குதல் நடந்தது பிப்ரவரியில். அம்முதியவர் ஏப்ரலில் இறந்துவிட்டார். மகன் கைது செய்யப்பட்டார். குற்றத்தின் அளவைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆனால் அந்தக் காட்சியைக் கண்ட தந்தையர் எத்தனை பேர் அன்றிரவு உறக்கமிழந்திருப்பர்!

கல்வி பரவினால் இக்கொடுமை மறைந்துவிடும் என்பாரும் உளர். 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் உத்தரப்பிரதேச மாநிலம் அம்ரோஹா பகுதியில், முதுகலைப் பட்டம் பெற்று ஆசிரியப் பணி புரிந்த ஷப்னம் என்னும் பெண், தாய், தந்தை, உடன்பிறந்தோர், பச்சிளங் குழந்தை உள்ளிட்ட எழுவரை மயக்க மருந்து கொடுத்துக் காதலனுடன் சேர்ந்து கொன்றார். குடும்பத்தார் அவர்களுடைய திருமணத்துக்கு இசையாததே பகைக்குக் காரணம். இருவருக்கும் விதிக்கப்பட்ட மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு உறுதி செய்தது. தந்தையும் ஆசிரியர், மகளும் ஆசிரியை. படிப்பு அவருடைய கையைத் தடுக்கவில்லை.

வறுமையே காரணம் என்பாரும் உளர். நம் தென்மாவட்டங்கள் சிலவற்றில் 'தலைக்கூத்தல்' என்ற பெயரால், படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் புகட்டிச் சாவை விரைவில் வரவழைக்கும் கொடிய வழக்கம் இருந்து வந்தது உண்மைதான். அங்கே முதியவர் 'சுமை' எனக் கருதப்படுகிறார். செல்வர் வீட்டிலோ அவர் 'தடை' எனக் கருதப்படுகிறார். சொல் வேறானாலும் எண்ணம் ஒன்றே. பெற்றவரின் ஆயுள் தேவைக்கு மேல் நீண்டுவிட்டது என்று பிள்ளை கணக்கிடத் தொடங்கியதே அந்த எண்ணம்.

ஆக, நாம் தேடும் விடை இங்கே தென்படத் தொடங்குகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் குறை பொருளில் இல்லை, பொறுமையில்தான் இருக்கிறது. நாளை தன்னிடமே வந்து சேரப்போகும் ஒன்றை இன்றே பறிக்கத் துடிக்கும் அவசரமே அந்த நோக்கத்தின் வேர்.

ஆறு மாதத்து அரியணை

இந்த அவசரத்தின் முடிவு என்ன என்பதற்கு வரலாறு சான்று பகர்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உலக மன்னர்களுக்கு அழைப்பு மடல்கள் அனுப்பியபோது, பாரசீகப் பேரரசன் கிஸ்ரா அம்மடலைக் கிழித்தெறிந்தான் என்பதை நாம் அறிவோம். நபியவர்களைப் பிடித்து அனுப்புமாறு அவன் யமன் நாட்டு ஆளுநர் பாதானுக்குக் கட்டளையிட்டான். மதீனா வந்த தூதர்களிடம், உங்கள் அரசனை அவன் மகனே கொன்றுவிட்டான் என்னும் செய்தியை நபி (ஸல்) அவர்கள் தெரிவித்தார்கள். அது மெய்யென உறுதிப்பட்டதும் பாதான் இஸ்லாத்தைத் தழுவினார். கி.பி. 628ஆம் ஆண்டு தந்தையைக் கொல்வித்து அரியணை ஏறிய அந்த ஷீரவைஹி, உடன்பிறந்தோரையும் கொன்று குவித்தான். ஆனால் அதே ஆண்டிலேயே சில மாதங்களில் அவனும் மாண்டான். கால் நூற்றாண்டு கழிவதற்குள் அந்தப் பேரரசே இல்லாமற் போயிற்று.

இவன் நெருப்பை வணங்கியவன், நம்மவன் அல்லன் என்று சொல்லிவிடுவோமா? முஸ்லிம்களின் கலீஃபாவாக வீற்றிருந்த அப்பாஸிய மன்னர் முதவக்கில், கி.பி. 861ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சாமர்ரா நகரில் தம் துருக்கிய மெய்க்காவலர்களாலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்கு உடந்தையாயிருந்தவர் அவருடைய மூத்த மகன் முன்தஸிர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அவரும் அரியணையில் வீற்றிருந்தது ஆறே மாதங்கள்தாம். 862ஆம் ஆண்டு ஜூனில் அவர் உயிர் பிரிந்தது. ஷீரவைஹியின் ஆட்சி நீடித்ததும் ஏறத்தாழ அவ்வளவே என்பதை எண்ணி அக்கால மக்கள் வியந்ததாகப் பழைய நூல்கள் குறிப்பிடுகின்றன.

முன்தஸிரின் வரலாற்றில் தந்தையர் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. முதவக்கில் தம் மூன்று புதல்வர்களையும் வரிசைப்படி பட்டத்து வாரிசுகளாக அறிவித்திருந்தார். பின்னர் இரண்டாம் புதல்வர் முஃதஸ்ஸின் மீது பாசம் மிகுந்து, மூத்தவரைப் பலர் முன்னிலையில் இழிவுபடுத்தலானார். கொடுத்த வாக்கு எப்போது பறிபோகுமோ என்னும் அச்சம் மூத்தவரைப் பற்றிக்கொண்டது. இதனால் கொலை நியாயமாகிவிடாது. ஆனால் நஞ்சு விளைந்த நிலம் எது என்பது நமக்குத் தெரிகிறது.

இலங்கையிலும் இதனை ஒத்த வரலாறு உண்டு. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தை ஆண்ட தாதுசேனன், மாபெரும் கலாவாவி ஏரியைக் கட்டியவன். அவனைச் சிறைப்பிடித்த மகன் காசியப்பன், புதைத்து வைத்த செல்வம் எங்கே என்று வினவினான். தந்தை ஏரிக்கு அழைத்துச் செல்லச் சொல்லி, அதன் நீரைக் கையிலள்ளிக் காட்டி, தன் செல்வமெல்லாம் இதுவே என்றானாம். சினமுற்ற மகன் அவனைச் சுவரில் வைத்துக் கட்டிக் கொல்வித்தான் என்று சூளவம்சம் கூறுகிறது. பிறகு அவன் சிகிரியாப் பாறையின் உச்சியில் கோட்டை கட்டி, நாட்டை விட்டோடிய தம்பிக்கு அஞ்சியே வாழ்ந்து, இறுதியில் அவனோடு பொருத களத்திலே மாண்டான். தந்தை செல்வமெனக் கண்டது வேறு, மகன் செல்வமெனக் கண்டது வேறு. இந்த வேறுபாடே பல வீடுகளில் கேட்டுக்கு முதற்படியாகும்.

மாட்டின் வரலாறு கூறும் பாடம்

திருமறையின் மிக நீண்ட அத்தியாயத்துக்கு 'அல்பகரா' எனப் பெயர். அப்பெயருக்குக் காரணமான மாட்டின் வரலாறு (2:67-73) நம் வீடுகளில் பிள்ளைகளும் அறிந்ததே. ஆனால் மாட்டை அறுக்குமாறு இறைவன் கட்டளையிட்டது ஏன் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. விரிவுரையாளர்கள் எடுத்துரைக்கும் செய்தி இது: பனூ இஸ்ராயீல் கூட்டத்தில் பிள்ளைப்பேறற்ற பெருஞ்செல்வர் ஒருவர் இருந்தார். அவருடைய சொத்துக்கு உரியவன் உடன்பிறந்தாரின் மகன். பெரியவரின் சாவுக்குக் காத்திருக்கப் பொறாத அவன், இரவில் அவரைக் கொன்று, சடலத்தை வேறொருவர் வாயிலில் போட்டுவிட்டு, காலையில் தானே பழிக்கு நீதி கேட்டு அழுதுகொண்டு வந்தான்.

மாடு அறுக்கப்பட்டு, அதன் ஒரு துண்டால் தட்டப்பட்டதும் இறந்தவர் உயிர்பெற்றெழுந்து கொன்றவனைக் காட்டினார். சொத்துக்காக நிகழ்ந்த ஒரு கொலையை வெளிப்படுத்தவே அந்த அற்புதம் நிகழ்ந்தது! கொன்றவனுக்கு அச்சொத்திலிருந்து எதுவும் கிட்டவில்லை என்றும், அதன் பிறகு கொலையாளி எவனும் வாரிசாக்கப்படவில்லை என்றும் முன்னோர் அறிவித்துள்ளனர்.

அவசரப்பட்டவனுக்கு இழப்பே தண்டனை

கொன்றவனுக்குக் கொல்லப்பட்டவரின் சொத்தில் பங்கில்லை என்பது நபி (ஸல்) அவர்களின் தெளிவான தீர்ப்பு. பனூ முத்லிஜ் குலத்தைச் சேர்ந்த கதாதா என்பவர் சினத்தில் தம் மகன் மீது வாளை வீச, காயமுற்ற மகன் இறந்துபோனார். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் உயிரீட்டுத் தொகையாக 100 ஒட்டகங்களைப் பெற்று, தந்தைக்கு ஒன்றும் கொடாமல், இறந்தவரின் சகோதரரிடமே ஒப்படைத்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி பதிவாகியுள்ளது. பிள்ளையைக் கொன்ற தந்தைக்கே இந்நிலை என்றால், தந்தையைக் கொன்ற பிள்ளையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

வேண்டுமென்றே கொன்றவன் வாரிசுரிமையை இழப்பான் என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேற்றுமை இல்லை. தவறுதலாகக் கொன்றவன் விஷயத்தில்தான் வேற்றுமை. ஹனஃபி மத்ஹபில், தன் கையால் நேரடியாகக் கொன்றவன் தவறுதலாகக் கொன்றிருப்பினும் பங்கை இழக்கிறான். கிணறு தோண்டி வைத்ததில் ஒருவர் விழுந்து இறந்தது போன்று மறைமுகக் காரணமானவன் இழப்பதில்லை. ஷாஃபி மத்ஹபில் கொலையில் எவ்வகையில் பங்கு கொண்டவனுக்கும் சொத்தில் பங்கில்லை. மாலிகி மத்ஹபில் தவறுதலாகக் கொன்றவன் சொத்தில் பங்கு பெறலாம். உயிரீட்டுத் தொகையில் பெற முடியாது.

நாட்டுச் சட்டங்களும் இவ்வழியே வந்து சேர்ந்தன. 1889ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நீதிமன்றத்தில், உயிலின்படி தனக்கு வரவேண்டிய சொத்துக்காகப் பாட்டனாருக்கு நஞ்சிட்ட பேரன் ஒருவனுடைய வழக்கு வந்தது. எவனும் தன் குற்றத்தால் தானே இலாபமடையலாகாது என்று கூறி அவனுக்குச் சொத்து மறுக்கப்பட்டது. நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் 25ஆம் பிரிவில் கொலையாளியின் உரிமையை நீக்குகிறது. நம் ஷரீஅத்தோ பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வாயிலை அடைத்துவிட்டது.

இத்தீர்ப்புக்கு அடிப்படையாக ஃபுகஹாக்கள் ஒரு விதியை வகுத்துள்ளனர். உரிய காலம் வருமுன் ஒன்றை அடைய அவசரப்படுபவன், அந்தப் பொருளை இழப்பதையே தண்டனையாகப் பெறுவான் என்பது அதன் கருத்து. குற்றத்தின் வேர் அவசரம் என்று கண்டறிந்து, தண்டனையையும் அந்த வேரிலேயே வைத்தனர். பேராசையைக் கூட அவர்கள் அங்கே குறிப்பிடவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

இதனைத் தோல் தொழில் செய்வோருக்கு விளக்கவும் வேண்டுமா? ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவேண்டிய நாளெல்லாம் ஊறாமல் அவசரப்பட்டு எடுத்த தோல் என்னவாகும் என்பதை நம் பாட்டனார் காலத்துக் குழிகளில் வேலை செய்த எவரும் அறிவர். அது தோலாகவும் நிலைக்காது, விலையும் போகாது.

உயிரோடிருப்பவருக்கு வாரிசு இல்லை

இங்கே இளைஞர்கள் மனத்திற் பதிக்கவேண்டிய சட்ட உண்மை ஒன்று உண்டு. இந்து சமயத்தாரின் மிதாட்சரச் சட்டத்தில், மூதாதையர் சொத்தில் பிள்ளைக்குப் பிறப்பினாலேயே உரிமை உண்டு. இஸ்லாமியச் சட்டத்தில் அவ்வாறு இல்லை. தந்தை உயிரோடிருக்கும் வரை அவருடைய சொத்தில் மகனுக்கோ மகளுக்கோ அணுவளவும் பங்கில்லை. அவர் கண்மூடி, அடக்கச் செலவும் கடனும் தீர்ந்து, மூன்றிலொரு பகுதிக்கு மேற்படாத வசிய்யத்தும் நிறைவேறிய பின்னரே பங்கு பிறக்கிறது. எனவே, "என் பங்கைக் கொடு" என்று உயிருள்ள தந்தையிடம் கேட்கும் பிள்ளை, இல்லாத ஒன்றைக் கேட்கிறான்.

மேலும் எண்ணிப் பாருங்கள். தந்தை முந்துவார், மகன் பிந்துவான் என்று எவர் உறுதி கூறினார்? மகனின் ஜனாஸாவைத் தந்தை சுமந்த வீடுகள் நம் ஊர்களில் இல்லையா? தந்தையின் ஆயுளை எண்ணுபவன் தன் ஆயுளை அறிவானா? பாகப்பிரிவினையின் பங்குகளை எண்ணிக்கையோடு விவரிக்கும் அதே வசனத்தின் இடையிலேயே (4:11), பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரில் உங்களுக்குப் பயன் தருவதில் மிக நெருங்கியவர் யார் என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள் என்று இறைவன் உணர்த்துகிறான். கணக்குகளின் நடுவே அந்த எச்சரிக்கை வைக்கப்பட்டிருப்பதன் நுட்பம் சிந்திக்கத் தக்கது. வாரிசுச் சொத்தை வாரி விழுங்குவோரைக் கண்டிக்கும் 'அல்ஃபஜ்ர்' அத்தியாயத்தின் வசனத்தையும் (89:19) இத்துடன் சேர்த்துப் படிக்கவேண்டும்.

தந்தையர் செய்யவேண்டுவது

பிள்ளைகளுக்கு மட்டும் உபதேசம் செய்து முடித்துவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். தோல் மண்டியாகவும் தோல் ஷாப்பாகவும் தொடங்கிய குடும்பத் தொழில்கள் பலவற்றின் போக்கு, 1970களில் அரசு அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பின் மாறியது. முழுப் பதனீடு, காலணித் தயாரிப்பு எனத் தொழில் விரிந்தது. 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் பெருமுதல் வேண்டியதாயிற்று. இவ்வளவிலும் தந்தையின் முதலும் மகனின் உழைப்பும் பிரிக்க இயலாதபடி கலந்துவிட்டன. இருபது வயதில் தொழிலில் நுழைந்து நாற்பதைத் தொட்ட மகனைப் பார்த்து, நீ பங்காளியா, சம்பளக்காரனா, உதவியாளனா என்று கேட்டால், விடை சொல்ல இயலாதவர் எத்தனை பேர்!

மார்க்கச் சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. தந்தையின் பராமரிப்பில் இருந்துகொண்டு, தனக்கென முதல் ஏதும் இல்லாமல், தந்தையோடு ஒரே தொழிலில் உழைக்கும் மகன் தந்தையின் உதவியாளனாகவே கருதப்படுவான், ஈட்டியது முழுதும் தந்தையுடையதே என்று ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் 'ரத்துல் முஹ்தார்' நூலில் விளக்கியுள்ளார்கள். கூட்டு ஒப்பந்தமோ, மகனின் சொந்த முதலோ இருப்பின் தீர்ப்பு மாறும். இந்தச் சட்டத்தை மகன் அறிவது தந்தை இறந்த பிறகு, அண்ணன் தம்பிகளோடு முஃப்தியின் முன்னே அமரும்போதுதான் என்றால், அந்த ஏமாற்றம் எத்தகையது! தன் நிலை தெளிவாகும் ஒரே நாள் தந்தையின் ஜனாஸா நாள்தான் என்று ஒரு மகன் எண்ணும்படி விட்டுவைக்கலாமா?

ஆகவே தந்தையர் உயிரோடிருக்கும்போதே பேசிவிடவேண்டும். மகனுக்கு ஊதியமா, கூட்டா, எத்தனை விழுக்காடு என்பதைத் தெளிவாக எழுதிவிடவேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருமறை விரிவாகக் கட்டளையிடுகிறது (2:282). அது அயலாருக்கு மட்டும் உரியதன்று. ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்பு வழங்கி அதற்குச் சாட்சியாக நபி (ஸல்) அவர்களை வேண்டிய பஷீர் (ரலி) அவர்களிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே வழங்கினீரா என்று கேட்டு, இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள் நம் நாயகம். முதவக்கில் மறந்த பாடம் இதுவே. மகள்களின் பங்கை மறைத்து, ஆண்மக்களின் பெயரிலேயே எல்லாவற்றையும் எழுதுபவரும் இவ்விடத்தில் தம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

அச்சத்தினாலோ பாசத்தினாலோ எல்லாவற்றையும் முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதும் அறிவுடைமையன்று. ஹனஃபி மத்ஹபில், பிள்ளைக்கு ஒப்படைத்துவிட்ட ஹிபாவைத் திரும்பப் பெற இயலாது. ஷாஃபி மத்ஹபில் தந்தைக்கு அவ்வுரிமை உண்டு. எழுதுமுன் ஆலிம்களிடம் கேட்டறிவது நலம். பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற கல்விக்கூடத்தைத் தன்னகத்தே கொண்ட வேலூர்ப் பகுதியில், கேட்க ஆளில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

ஆயுதமின்றிக் கொல்வோர்

ஒரு கொலை நடந்தால் செய்தியாகிறது. ஆனால் ஆயுதமின்றி நிகழும் கொலைகள் செய்தியாவதில்லை. பெற்றவரின் மருந்துச் சீட்டை மறந்ததுபோல் வைத்திருப்பது, கையெழுத்து வாங்கிய மறுநாள் முதல் அவரோடு பேசாதிருப்பது, மாடியில் விருந்து நடக்க, கீழறையில் அவரைத் தனியே உண்ணவிடுவது ஆகியவை எந்தக் காவல் நிலையத்திலும் பதிவாவதில்லை. ஆனால் 'சீ' என்று சொல்வதையும் தடுத்த இறைவனிடம் (17:23) இவையெல்லாம் பதிவாகின்றன.

நாட்டுச் சட்டமும் இன்று இதில் தலையிடுகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றுக்கொண்டு கைவிடும் பிள்ளையிடமிருந்து அச்சொத்தை மீட்க அதன் 23ஆம் பிரிவு வழி செய்கிறது. மூத்தோரைக் காக்கும் நோக்கில் இச்சட்டத்துக்குத் தாராளமாகப் பொருள் கொள்ளவேண்டும் என்று 2025ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டம் இருப்பது நன்றே. ஆனால் சட்டம் சோறு வாங்கித் தரும், பாசத்தை வாங்கித் தராது.

கிண்ணத்தோடு நின்ற மகன்

காத்திருத்தல் என்றால் என்ன என்பதை நபி (ஸல்) அவர்கள் குகையில் சிக்கிய மூவரின் வரலாற்றில் நமக்குக் காட்டியுள்ளார்கள். அவர்களுள் ஒருவர் ஆடு மேய்ப்பவர். மாலையில் பால் கறந்து, வயது முதிர்ந்த பெற்றோருக்கு முதலில் கொடுத்த பிறகே தம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அவர் வழக்கம். ஒருநாள் வரத் தாமதமாகிவிடவே, பெற்றோர் உறங்கிவிட்டனர். எழுப்ப மனமின்றி, பால் கிண்ணத்தைக் கையிலேந்தி, காலடியில் பிள்ளைகள் பசியால் அழ, விடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். அந்தச் செயலை முன்வைத்து அவர் இறைஞ்சியபோது, குகையின் வாயிலை அடைத்திருந்த பாறை சற்றே நகர்ந்தது.

ஒரு மகன், பெற்றோர் விழிப்பதற்காகக் காத்து நின்றான். மற்றொரு மகன், பெற்றோர் விழியாதிருக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறான். முன்னவனுக்கு உடைமையென்று இருந்தவை சில ஆடுகளே. பின்னவனுக்குத் தொழிற்சாலைகள் உண்டு. "இவனுக்கு என்ன குறை?" என்று தொடக்கத்தில் கேட்டோமல்லவா? அந்த ஒரு கிண்ணம் பால் அவன் கையில் இல்லை. அதுவே குறை.

இன்று ஜும்ஆவுடைய நாள். பெற்றோர் உயிரோடிருப்பவர்கள், தொழுது வீடு திரும்பியதும், சொத்தைப் பற்றியன்றி அவர்களுடைய உடல்நலத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுவோமாக. தந்தையராய் இருப்பவர்கள், நாளைக்கென்று தள்ளிவைத்த கணக்கை இவ்வாரமே பிள்ளைகளோடு அமர்ந்து தெளிவாக்குவோமாக. பெற்றோரை இழந்தவர்கள், அவர்களுக்காகக் கையேந்துவோமாக. பிள்ளைகளின் ஆயுளையும் பெற்றோரின் ஆயுளையும் தன் கையில் வைத்திருக்கும் வல்ல நாயன், நம் இல்லங்களைப் பேராசையினின்றும் அவசரத்தினின்றும் காத்து, பெற்றோரின் மனம் குளிரப் பணிவிடை செய்யும் பேற்றினை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.